காட்சிப்பொருள் பதினேழு

என் படத்தை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவர் என் மாமனார். காலை நடைக்குப் போனவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு உள்ளே போய், அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் பூட்டு வேலை செய்கிறவன். ஒரு சாவி இடம் மாறினால் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்கிற வேலை என் மனைவியுடையது.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மதியம் சாப்பிட வந்தவள் வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எப்பங்க இளைஞர் ஆனீங்க?"

"என்ன?"

"பொது அரங்கத்துல கண்காட்சி போட்டிருக்காங்க. இளைஞர் மன்றத்துக்கு ஆள் சேர்க்கறாங்களாம். உள்ள நுழைஞ்சதும் நீங்கதான் இருக்கீங்க. ஆறடி உயரத்துக்கு. நேர்ல இருக்கறதைவிட அரையடி கூடத்தான்."

"நானா? அங்க நான் என்ன பண்றேன்?"

"திருடறீங்க."

அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாமனார் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். அரங்க வாசலில் வளைவு கட்டி, "இளைஞனே, வா!" என்று எழுதியிருந்தார்கள். இளைஞர் யாரும் தென்படவில்லை. ஓய்வு பெற்றவர்கள் சிலர் மின்விசிறிகளுக்கு அடியில் இடம் பிடித்திருந்தார்கள்.

மனைவி சொன்னது சரிதான். நுழைந்ததும் நான் இருந்தேன். மூடிய நீலக் கதவு ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் வளைந்த கம்பி, கம்பியின் நுனி பூட்டுக்குள். முகம் மட்டும் திரும்பி, படத்தைப் பார்க்கிறவரைப் பார்த்தது. கண்கள் பிதுங்கி, வாய் பாதி திறந்து, கையும் களவுமாக அகப்பட்டவனின் முகம். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. அடியில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

மன்றத்தில் சேராத இளைஞன். மாலை ஐந்து மணி. இவன் இங்கே என்ன செய்கிறான்?

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் மன்றச் செயலாளர் என் கடைக்கு வந்தார். மன்றத்துச் சாவி தொலைந்துவிட்டது, கண்காட்சிக்குச் சாமான்களை எடுக்க வேண்டும், உடனே வாருங்கள் என்றார். போனேன். கதவிடுக்கில் புல் முளைத்திருந்தது. பூட்டுக்குள் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக யாரும் தொடாத பூட்டு என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் போராடிக்கொண்டிருந்தபோது, கண்காட்சிக்காக அவர்கள் கூட்டி வந்திருந்த புகைப்படக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இங்க பாருங்க!" என்று கத்தினார். திடுக்கிட்டுத் திரும்பினேன். வெளிச்சம் வெட்டியது.

அந்தத் திடுக்கிடல்தான் இப்போது ஆறடி உயரத்தில் நின்றது. கதவுக்கு மேலே இருந்த "இளைஞர் மன்றம்" என்ற பலகையை மட்டும் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். அவருடைய கை தானாக எழுந்து தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி பையைத் தொட்டார். இந்த முறை கையை எடுக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பூட்டைத் திறக்கும்போதும் தேதி, இடம், கூப்பிட்டவர், காரணம் எல்லாம் திறப்பு நோட்டில் எழுதி, கூப்பிட்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அந்த நோட்டைக் காவல் நிலையத்தில் காட்டினால்தான் அடுத்த வருடத்துக்கு அனுமதிச் சீட்டு. பதினாறு வருட நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் கையெழுத்து இல்லாத வரி ஒன்றே ஒன்றுதான். "உள்ள போய்ப் பேனா எடுத்துட்டு வந்து போடறேன் தம்பி" என்று செயலாளர் உள்ளே போனார். தூசியில் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே சாமான்களை வண்டியில் ஏற்றினார். பழைய பூட்டுக்குப் பதில் நான் புதுப் பூட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். தும்மிக்கொண்டே போய்விட்டார்.

என் அனுமதிச் சீட்டு கண்காட்சி முடிந்த மறுநாள் காலாவதியாகிறது.

அரங்கத்தின் மூலையில் காட்சி அலுவலரின் மேசை இருந்தது. சாந்தமான குரல்கொண்ட அம்மாள். போய் நின்றேன்.

"மேடம், அந்தப் படத்துல இருக்கறது நான்."

ஒரு பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். "பதினேழா?"

"என்ன பதினேழு?"

"காட்சிப்பொருள் பதினேழு. உட்காருங்க. இல்ல, நில்லுங்க. அப்படியே லேசாத் திரும்புங்க. அடடா, படம் எவ்வளவு தத்ரூபமா வந்திருக்கு!"

"மேடம், நான் திருடன் இல்லை. பூட்டு ரிப்பேர் பண்றவன். எனக்கு நாற்பத்திரண்டு வயசு. நான் இளைஞனும் இல்லை."

"இதெல்லாம் படத்துல தெரியலையே" என்றார் வருத்தத்தோடு. "தெரிஞ்சிருந்தா கண்டிப்பா போட்டிருக்க மாட்டோம்."

"அப்ப எடுத்துடுங்க."

"மனு குடுங்க. பரிசீலிக்கறோம்." படிவத்தை நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம். இது பார்வையாளர்களுக்கான படிவம். காட்சிப்பொருள் மனு குடுக்க விதியில் இடம் இல்லை."

"நானும் பார்க்க வந்தவன்தானே மேடம்?"

"நீங்க உங்களையே பார்க்க வந்திருக்கீங்க. அது பார்வையாளர் எண்ணிக்கையில சேராது."

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். "பாருங்க, முப்பது வருஷமா இளைஞர்களுக்கு ஆசை காட்டிப் பார்த்தோம். கேரம் பலகை வாங்கினோம். பந்து வாங்கினோம். ஒருத்தர் வரலை. ஏன் வரலைன்னு விசாரிக்க ஒரு குழு போட்டோம். அந்தக் குழுவுக்கும் யாரும் வரலை. அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சது. ஆசை எங்க வேணாலும் கிடைக்குது. பயம்தான் தரமானதாக் கிடைக்கறதில்லை. அதை நாங்க குடுக்கறோம். மூணே நாள்ல எழுபது பெத்தவங்க விண்ணப்பம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. எல்லாம் உங்க முகத்தைப் பார்த்துத்தான். நீங்க பெருமைப்படணும்."

நான் பெருமைப்பட முயன்றேன்.

செயலாளர் கோப்பைகள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். அறுபத்து மூன்று வயது. பதவிக்கு வந்தபோது இளைஞர். பதவியை விடாததால் இன்னும் இளைஞர். அவருக்கு முன்னால் மன்றக் கட்டடத்தை அட்டையில் செய்த மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குட்டி நீலக் கதவு. அதை மூட முடியாதபடி பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே களிமண் இளைஞர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். உண்மையான கேரம் பலகை பக்கத்தில், "தொடாதீர்கள்" என்ற அறிவிப்புக்குக் கீழே இருந்தது.

திறப்பு நோட்டை நீட்டினேன். "சார், அன்னைக்குப் போடாம விட்ட கையெழுத்து."

நோட்டைத் தொடாமல் படித்தார். முகம் மாறியது.

"காரணம்: சாவி தொலைந்தது. கதவு பூட்டியிருந்தது. இது என்னய்யா?"

"நடந்ததுதான் சார்."

"தம்பி, மன்றம் தினமும் காலை ஆறு மணிக்குத் திறக்குது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் மூடுது. அறிக்கையில இருக்கு. சராசரி வருகை நாற்பத்திரண்டு பேர். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறந்திருக்கற கதவை நீங்க எப்படித் திறந்தீங்க?"

"பூட்டியிருந்துச்சு சார். புல்லுகூட முளைச்சிருந்துச்சு."

"பூட்டியிருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. திறந்திருந்துச்சுன்னு மூணு வருஷ அறிக்கை சொல்லுது. நீங்க ஒரு ஆள். அது முந்நூறு பக்கம்."

"அப்ப நான் அங்க கம்பியோட எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?"

"அது எங்களுக்கும் தெரியலை. அதான் படத்துக்குக் கீழ கேள்வியாவே போட்டிருக்கோம்."

மின்விசிறி சுற்றியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"மூணு வருஷம் தம்பி. பூட்டியிருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அந்த நாற்பத்திரண்டு பேரும் யாருன்னு கேப்பாங்க. ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு கையெழுத்து. ஒரே ஆள் போடறதுன்னா எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு மணிக்கட்டே போயிடுச்சு. உங்க நோட்டுல இன்னொண்ணு போட எனக்குத் தெம்பு இல்லை."

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்தவர். வழக்கமாக நோட்டைப் புரட்டிப் பார்க்காமலே முத்திரை குத்துவார். இந்த முறை கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"கண்காட்சியில இருக்கறது நீங்கதானா?"

"நான்தான்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பூட்டைத் திறந்துட்டிருந்தேன்."

அதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"யார் சொல்லித் திறந்தீங்க?"

"செயலாளர்."

"இங்க அவர் கையெழுத்து இல்லையே?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களை எனக்குத் தெரியும். அது வேற. அன்னைக்கு என் பீரோவைத் திறந்து குடுத்ததே நீங்கதான். ஆனா தெரிஞ்சதை வெச்சு நான் எழுத முடியாது. காகிதத்துல இருக்கறதை வெச்சுத்தான் எழுதணும். ஒண்ணு, கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா படம் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுதணும்."

"படம் என்ன சார் சொல்லுது?"

"படம் கேள்விதான் கேக்குது. பதில் நான் எழுதணும். அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றார்.

அந்த வாரம் ஒரே ஒரு வேலை வந்தது. பீரோ திறக்கவில்லை என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார். நான் உட்கார்ந்து வேலை செய்த நேரம் முழுவதும் அவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். திறந்ததும், "கையைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். "திருப்பிக் காட்டுங்க" என்றார். அதையும் காட்டினேன். கையெழுத்துப் போடும்போது, "தப்பா நினைச்சுக்காதீங்க, என் மகன் கண்காட்சிக்குப் போயிட்டு வந்ததிலிருந்து கதவைச் சாத்திட்டுத்தான் தூங்கறான்" என்றார். மகனுக்கு என்ன வயது என்று கேட்டேன். முப்பத்தொன்று என்றார்.

பக்கத்துக் கடை டயர்க்காரர் மட்டும் பழையபடி கிண்டல் செய்தார். "என்ன பெரிய மனுஷா, ஊரே உங்களைப் பார்க்கக் கியூவுல நிக்குதாமே! எங்களை எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று தோளில் தட்டினார். தட்டிவிட்டு, மேசைமேல் கிடந்த தன் செல்போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதைத் தெரிந்து செய்யவில்லை.

ஏழாவது நாள் ஒரு கடிதம் வந்தது. படத்தில் காணப்படும் கருவிகள் காட்சிக்கு முழுமை தரும் என்று பார்வையாளர்கள் தெரிவித்திருப்பதால் அவற்றை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. நான் எடுத்துக்கொண்டு போனேன். எதற்காகக் கொடுத்தேன் என்று மனைவி பிறகு பலமுறை கேட்டாள். முத்திரை குத்திய கடிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை தானாக நீளும். வேறு காரணம் இல்லை.

பதினாறு வருடம் என் கையிலேயே தேய்ந்த கம்பிகள். அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் துணியில் பரப்பி, "கைப்பற்றப்பட்டவை" என்று எழுதி வைத்தார்கள். எனக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். காட்சிப்பொருள் 17-அ.

"ஆக, உங்களுக்கு நம்பரும் போட்டாச்சு" என்றாள் மனைவி, ரசீதைப் படித்துவிட்டு. "இனி வெளியூர் போனா டிக்கெட் எடுக்க வேண்டாம். பார்சல்ல போட்டுடலாம்."

"சும்மா இரு."

"நான் சும்மா இருக்கேன். நீங்கதான் சும்மா இருந்து சும்மா இருந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டிருக்கீங்க. ஏங்க, அந்த ஆள் ஒரு கையெழுத்து போடணும். அவ்வளவுதானே? கழுத்துல கத்தி வெச்சா கேக்கச் சொல்றேன்? நோட்டை நீட்டிட்டு அங்கேயே நில்லுங்க."

"நின்னா?"

"அவருக்கும் ஏதாவது ஒரு கதவு திறக்க வேண்டி வராதா?"

மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து லேசாக இருமினார்.

கடைசி நாள் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று காட்சி அலுவலர் ஆள் அனுப்பினார். நான் வந்து படத்துக்குப் பக்கத்தில் அதேபோல் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். பேச வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் மன்றத்தின் நன்னடத்தைச் சான்று ஒன்று தருவார்கள். கையெழுத்து கிடைக்காவிட்டால் அதையாவது எழுத்தரிடம் காட்டலாம் என்று நினைத்தேன். சட்டைப் பையில் மூன்று பேனாக்களும் பைக்குள் திறப்பு நோட்டும் வைத்துக்கொண்டு போனேன்.

சான்றை முன்கூட்டியே படிக்கக் கொடுத்தார் அலுவலர். "இவர் முன்பு பூட்டுகளை உடைத்துவந்தார். கண்காட்சியில் பத்து நாள் வைக்கப்பட்ட பின் உடைப்பதில்லை" என்று இருந்தது. அதைக் காவல் நிலையத்தில் நீட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். எப்படியும் செயலாளர் அங்கே வருவார் என்று கயிறு கட்டிய இடத்துக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

விருந்தினர் வந்தார். கைதட்டினார்கள். செயலாளர் பேசினார். "மன்றத்தின் கதவு என்றைக்கும் மூடியதில்லை! அது எங்கள் இதயம் போல!" என்றார். மறுபடி கைதட்டினார்கள். விருந்தினர் அட்டை மாதிரியைக் குனிந்து பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார். எங்கே வென்றவை என்று கேட்டார். கடையில் என்று செயலாளர் வாய் தவறிச் சொல்லி, பக்கத்து ஊரில் என்று திருத்தினார். கடைசியாக விருந்தினர் என்னிடம் வந்தார்.

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி அட்டை மாதிரியைப் பார்த்தார்.

"இது அதே கதவு இல்லையா? அதே நீலம். கைப்பிடிகூட அதேதான்."

பத்து நாளாக எழுநூறு பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கதவைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"இளைஞன் மன்றத்துக்கு உள்ள வர ஏங்கறான் சார்" என்றார் அலுவலர் சட்டென்று.

"நல்லது. ஆனா மாலை ஐந்து மணின்னு போட்டிருக்கீங்க. அஞ்சு மணிக்குக் கதவு ஏன் மூடியிருக்கு?"

செயலாளரின் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதைக் குத்துக்காலிட்ட இடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது. "மூடியிருக்கற மாதிரி தெரியுது சார். திறந்துதான் இருக்கு."

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலு அம்பது. ரெண்டு தெரு தள்ளித்தானே? ஒரு டீ குடிச்சிட்டு நேர்லயே பார்த்துடுவோம்."

அவரைத் தேநீருக்கு அழைத்துப் போனார்கள். செயலாளர் கயிற்றைத் தாண்டி வந்து என் தோளைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"தம்பி, சாவி உள்ள இருக்கு."

"எந்தச் சாவி?"

"நீங்க போட்டுக் குடுத்த புதுப் பூட்டு. இழுத்தாலே பூட்டிக்கும்னு சொன்னீங்களே. சாவி தொலைஞ்சிடக்கூடாதுன்னு ரெண்டையும் மேசை டிராயர்லயே பத்திரமா வெச்சுட்டு, கதவை இழுத்துச் சாத்திட்டு வந்தேன்."

"என் கம்பி எல்லாம் கண்ணாடிப் பெட்டியில இருக்கு சார்."

பெட்டியைத் திறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் வெளியூரில் இருக்கிறார் என்று ஆரம்பித்த அலுவலர், செயலாளரின் முகத்தைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். ஆனாலும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார்: காட்சிப்பொருள் 17, காட்சிப்பொருள் 17-அ-வைப் பெற்றுக்கொண்டது.

என் ஸ்கூட்டரில் செயலாளர் பின்னால் உட்கார்ந்தார். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விருந்தினர் வருகையைப் படமெடுக்கப் புகைப்படக்காரரும் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார்.

நீலக் கதவு மூடியிருந்தது. தெருவில் யாரும் இல்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பியை உள்ளே விட்டேன். என் கையால் பொருத்திய பூட்டு. பூட்டுக்குள் எந்த லிவர் எங்கே விழும் என்று தெரியும். ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்று மட்டும் பாக்கி இருக்கும்போது கையை நிறுத்தினேன்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல் தந்தியடித்தது. அனுமதிச் சீட்டு நாளையோடு முடிகிறது என்பதும், மனைவி சொன்னதும், இரண்டும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. அவ்வளவுதான்.

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் நோட்டை எடுத்து மேலே நீட்டினேன்.

"என்ன தம்பி இது, இப்பப் போய்!"

நோட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"முதல்ல திறங்க. சத்தியமாப் போடறேன். உள்ள போய்ப் பேனா..."

மோவாயால் சட்டைப் பையைக் காட்டினேன். மூன்று பேனாக்கள்.

தெருக்கோடியில் கார் ஹாரன் கேட்டது. செயலாளர் அந்தப் பக்கம் பார்த்தார். கதவைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மூச்சு வாங்கினார். இரண்டு பேருமே ஒரே மாதிரி பயந்துகொண்டிருந்தோம். அவர் பயம் முந்நூறு பக்கம். என்னுடையது ஒரு வரி.

"பழைய தேதிக்கா?" என்றார் கடைசியில்.

"பழசுக்கு ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு."

வைத்து எழுத இடம் இல்லை. நோட்டை என் முதுகின்மேல் விரித்து, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பேனா முனை சட்டை வழியாக முதுகில் உறுத்தியது. அந்த உறுத்தலில் அவர் பெயரின் ஒவ்வொரு வளைவையும் நான் படித்தேன். இரண்டாவது கையெழுத்து முடியும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"இங்க பாருங்க!"

இருவரும் திரும்பினோம். வெளிச்சம் வெட்டியது.

கடைசி லிவர் விழுந்தது. செயலாளர் கதவைத் தள்ளித் திறந்து, அதன்மேல் சாய்ந்து, மூன்று வருடமாக அங்கேயே சாய்ந்திருப்பவர்போல நின்றார். விருந்தினர் காரிலிருந்து இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். சாமான்கள் எல்லாம் கண்காட்சிக்குப் போய்விட்டதால் அறை காலியாக இருந்தது. ஒரு மேசையும், அதன்மேல் தூசியும், தூசியில் பல்லி நடந்த தடமும் இருந்தன.

"இளைஞர்கள் எங்கே?"

"எல்லாரும் கண்காட்சியைப் பார்க்கப் போயிருக்காங்க சார்" என்றார் செயலாளர்.

விருந்தினர் காலி அறையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவருக்குக் கண் கலங்கியது. "இதுதான் ஈடுபாடு" என்றார்.

மறுநாள் எழுத்தர் நோட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து ஏன் இப்படி மேடும் பள்ளமுமா இருக்கு?"

"என் முதுகுமேல வெச்சுப் போட்டார் சார்."

அதற்கு விதியில் தடை ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு முத்திரை குத்தினார். அனுமதிச் சீட்டோடு வெளியே வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஏறக்குறைய நம்பினேன்.

மக்களின் ஆதரவைக் கருதிக் கண்காட்சியை மூன்று மாதம் நீட்டித்தார்கள். என் பழைய படத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அதே நீலக் கதவு, அதே நான், கையில் அதே கம்பி. இப்போது என் பின்னால் நரைத்த பெரியவர் ஒருவர் குனிந்து, என் முதுகில் பரிவோடு கை வைத்திருக்கிறார். நோட்டு படத்துக்கு வெளியே போய்விட்டது. முதல் படத்துக்கு மேலே "சேர்வதற்கு முன்" என்றும், இரண்டாவதற்கு மேலே "சேர்ந்த பின்: பெரியவரின் அரவணைப்பில்" என்றும் எழுதியிருந்தார்கள்.

வேலை மறுபடி வரத் தொடங்கியது. ஆனால் கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். "தனியாவா வந்தீங்க? அந்தப் பெரியவர் வரலையா?" தனியாகத்தான் வந்தேன் என்றால், வீட்டில் ஆள் இல்லை, பிறகு வாருங்கள் என்று உள்ளே நின்றுகொண்டே சொன்னார்கள்.

வழி கண்டுபிடித்தவள் மனைவிதான். "எங்கப்பா சும்மாத்தானே உட்கார்ந்திருக்கார். கூட்டிட்டுப் போங்க. நரைச்ச தலைதானே வேணும்?"

இப்போது மாமனார் என்னோடு வருகிறார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார். நான் பூட்டின் முன்னால் குத்துக்காலிட்டதும் அவர் குனிந்து என் முதுகில் உள்ளங்கையை வைக்கிறார். பார்த்ததும் வீட்டுக்காரர்களின் முகம் தெளிகிறது. துடைப்பத்தைக் கீழே வைக்கிறார்கள். ஒருத்தர் எங்களுக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்.

நேற்று ஒரு பெரிய வீட்டில் பழைய பித்தளைப் பூட்டு. வீட்டுக்கார அம்மாள் தொலைபேசி அடிக்கிறதென்று உள்ளே போனார். வாசலில் நாங்கள் இருவர் மட்டும். மாமனார் என் காதுக்கு அருகே குனிந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க மாமா."

"நமக்குள்ளதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அந்த முதல் படத்துல... நீங்க அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறடி உயரத்தில் பார்த்திருக்கிறேன். கம்பியைக் கொஞ்சம் அழுத்தினேன். பூட்டு திறந்துகொண்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் முதுகிலிருந்த கை விலகியது. பூட்டின் பித்தளைத் தகட்டில், கோணலாக, சின்னதாக, அந்தக் கை தெரிந்தது. அது மெல்ல மேலே போய், சட்டைப் பையில் இருந்த எங்கள் வீட்டு அலமாரிச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.